ஊர் கூடி வாங்கிய கடன்

ஒரு சிறு நகராட்சி தன் மக்களுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க விரும்புகிறது. தேவைப்படுவது சில கோடி ரூபாய். சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் அன்றாடச் செலவுக்கே போதாத நிலை. கடன் பத்திரம் வெளியிடலாம் என்றால், தரமதிப்பீடு, சட்ட ஆவணங்கள், வெளியீட்டுச் செலவு ஆகியவை அச்சிறு தொகைக்குக் கட்டுப்படியாகா. 1998-இல் அகமதாபாத் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதமின்றி 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது உண்மையே; ஆனால் அது பெருநகரத்துக்கு வாய்த்த வலிமை.

சிறிய ஊர்கள் என்ன செய்வது? ஊர் கூடித் தேர் இழுப்பதுதான் வழி என்று முதலில் காட்டியது தமிழ்நாடு. 2002-இல் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கென ஒரு கூட்டு நிதியம் அறக்கட்டளையாக நிறுவப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகளின் தேவைகளை ஒன்றுதிரட்டி, அது 30.41 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி 9.20 விழுக்காடு, தவணைக்காலம் 15 ஆண்டுகள்.

கூட்டு என்றதும் வாசகர் மனத்தில் ஓர் ஐயம் எழக்கூடும்: ஓர் ஊர் தவணை தவறினால் மற்ற ஊர்கள் சுமக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே இத்திட்டத்தின் நுட்பம். ஒவ்வொரு நகராட்சியும் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. அது தன் வருவாயிலிருந்து தவணைத் தொகையைத் தனிக்கணக்கில் முன்கூட்டியே சேர்த்து வரவேண்டும். அதில் குறை நேர்ந்தால் காப்பு நிதியிலிருந்து முதலீட்டாளருக்குப் பணம் செல்லும். அந்தக் குறையை, தவறிய நகராட்சிக்கு மாநில அரசு பகிர்ந்தளிக்கும் வரிப் பங்கில் பிடித்தம் செய்து ஈடுகட்டலாம். இவற்றுக்கும் பின்னால், அசலில் பாதிக்கு அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை உத்தரவாதம் அளித்தது. ஆகவே உழைத்து வரி வசூலிக்கும் ஊர், அசட்டையான அண்டை ஊருக்காகத் தண்டம் செலுத்த நேராது. தோழமையைவிட இந்தத் தெளிவான கணக்கே கூட்டினைத் தாங்கி நிற்கிறது என்பது எம் கருத்து.

கர்நாடகம் 2005-இல் இதே வழியைப் பின்பற்றியது. எலகங்கா, பொம்மனஹள்ளி, மகாதேவபுரா, கெங்கேரி உள்ளிட்ட, பெங்களூரைச் சூழ்ந்த எட்டு உள்ளாட்சிகளுக்குக் காவிரி நீர் கொண்டுசெல்ல, 100 கோடி ரூபாய் கூட்டாகத் திரட்டப்பட்டது. கடனோடு மக்களின் பங்குத் தொகையும் வசூலிக்கப்பட்டது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. தெருவில் குழாய் பதிக்கப்பட்டும், அதில் ஓடவேண்டிய நீர் வேறொரு பெருந்திட்டம் நிறைவேறுவதை எதிர்பார்த்திருந்தது. முன்பணம் கட்டிய குடும்பங்கள் தண்ணீர் லாரியை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. பணத்தைத் திரட்டக் கூட்டு போதும். நீரின் மூலம் கூட்டின் கையில் இருக்கவில்லை.

இதற்கிடையே 2007-இல் அந்த எட்டு உள்ளாட்சிகளும் பெங்களூர்ப் பெருமாநகராட்சியுடன் இணைக்கப்பட்டுத் தனி அடையாளத்தை இழந்தன. ஆனால் உள்ளாட்சிகள் மறைந்ததால் அவை வாங்கிய கடன் மறைந்துவிடவில்லை. எனவே இத்தகைய கூட்டு ஒப்பந்தம் எழுதும் உள்ளாட்சிகள், தவணை தவறினால் என்ன என்பதுடன், உறுப்பினர் ஒருவர் வேறோர் அமைப்பில் கலந்துவிட்டால் அவருடைய பங்கை யார் ஏற்பது என்பதையும் முதல் நாளிலேயே எழுத்தில் வைத்துக்கொள்வது நலம்.