‘இல்லை’யும் ‘தென்படவில்லை’யும்: கையடக்க ஒளி உணரிகள் கூறும் விடை

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் சிங்கப்பூரின் இல்லங்களுக்கு ‘ஏஆர்டி’ எனப்படும் கொவிட்-19 விரைவுப் பரிசோதனைக் கருவிகள் அஞ்சல்வழி அனுப்பப்பட்டன. அவற்றின் முடிவை எச்சொற்களால் கூறுவது என்பது மொழி பற்றிய வினா மட்டுமன்று. முதியோரின் உடல்நலம் பற்றியதும் ஆகும். அதற்கு விடை காண, கருவி செய்யும் வேலையை முதலில் அறிவோம்.

‘உணர்’ என்னும் வினையடியோடு இகர விகுதி சேர ‘உணரி’ பிறக்கிறது. உயிர்ப்பொருளைக் கொண்டு உணர்வது உயிரி உணரி. உணர்ந்ததை ஒளியாலோ நிறத்தாலோ காட்டுவது ஒளிவழி உயிரி உணரி. நாம் கையாண்ட பரிசோதனைப் பட்டை இவ்வகையின் எளிய வடிவமே.

மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைக் கரைசலில் கலந்து பட்டையில் இடுகிறோம். அது ஊர்ந்து செல்லும் வழியில், பொதுவாக நுண்ணிய பொன்துகள்களோடு பிணைந்த எதிர்ப்பொருள்கள் உள்ளன. அவை கிருமியின் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. ‘டி’ கோட்டில் பதித்த எதிர்ப்பொருள்கள் அப்புரதத்தைத் தடுத்து நிறுத்த, பொன்துகள்கள் அங்கே குவிகின்றன. நகையில் மஞ்சளாக ஒளிரும் பொன், சில பத்து நானோமீட்டர் அளவில் பச்சை ஒளியை உட்கவர்ந்து செந்நிறமாகத் தோன்றும். இச்செந்நிறப் பொன்கரைசலை மைக்கேல் ஃபாரடே 1857இலேயே ஆராய்ந்துள்ளார்.

கோடு கண்ணுக்குத் தெரியப் போதிய துகள்கள் சேர வேண்டும். பிசிஆர் பரிசோதனை கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கித் தேடுகிறது. பட்டை அவ்வாறு பெருக்குவதில்லை. ஆகவே, தொற்றின் தொடக்கத்தில் கிருமி இருந்தும் கோடு தோன்றாமற்போகலாம். கோட்டின் செறிவைக் கைபேசிக் கேமராவால் அளக்கும் முறைகள் மங்கிய கோட்டையும் காண உதவுகின்றன. எனினும் அவற்றுக்கும் எல்லை உண்டு.

இங்கேதான் சொல் முக்கியமாகிறது. ‘நெகட்டிவ்’ என்பதைத் ‘தொற்று இல்லை’ என்கிறோம். ‘இல்லை’ என்பது இருப்பையே மறுக்கிறது. ‘தென்படவில்லை’ என்பது காட்சியை மட்டுமே மறுக்கிறது. கருவி கூறுவது இரண்டாவதை. ‘இல்லை’ என நம்பியவர் இருமலோடு பாட்டியின் அருகில் அமரக்கூடும். ‘தென்படவில்லை’ எனப் புரிந்துகொண்டவர் மறுநாளும் சோதித்துப் பார்ப்பார்.

‘நேர்மறை’ என்னும் சொல்லிலும் இடர் உண்டு. ‘நேர்மறைச் சிந்தனை’யைப் பாராட்டிப் பழகிய முதியவர், ‘முடிவு நேர்மறை’ என்பதை நற்செய்தியாகக் கொள்ளக்கூடும்.

ஆதலால் பொதுமக்களுக்கான குறிப்புகளில் ‘கிருமி தென்பட்டது’, ‘கிருமி தென்படவில்லை’ என எழுதலாம். ‘சி’ கோடு தோன்றாவிடில், ‘பரிசோதனை செல்லாது, புதிய கருவியால் மீண்டும் சோதிக்கவும்’ என எழுதலாம். இவற்றுக்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை.