உறக்கத்திற்கு ஒரு வரிசை

“பிள்ளை இரவில் நேரத்தோடு தூங்குவதே இல்லை, டாக்டர்.” காய்ச்சலுக்கோ சளிக்கோ மருந்து வாங்க வரும் பெற்றோர் பலர், எழுந்து செல்லும்போது கடைசியாகச் சொல்லும் குறை இது. மருந்துச் சீட்டில் எழுத இயலாத குறை என்பதால் அது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது.

பண்ருட்டி வட்டாரத்தில் இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நெய்வேலியில் பிற்பகல் ஷிப்ட் முடிந்து தந்தை வீடு திரும்ப இரவு பத்து மணியைத் தாண்டிவிடுகிறது. பலாப்பழப் பருவத்தில் மண்டியில் உழைப்போருக்கும், முந்திரி உடைக்கும் தாய்மாருக்கும் வேலை முடியும் நேரம் நிலையாக இருப்பதில்லை. அப்பாவுக்காக விழித்திருக்கும் பிள்ளையின் கையில் கைப்பேசி வந்து சேர்கிறது. அதே பிள்ளையைப் பள்ளி வண்டிக்காகக் காலை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டியுள்ளது.

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒரு நாளில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 1 முதல் 2 வயது வரை 11–14 மணி நேரமும், 3 முதல் 5 வயது வரை 10–13 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9–12 மணி நேரமும் உறக்கம் தேவை. ஆறு மணிக்கு எழும் ஏழு வயதுப் பிள்ளை, குறைந்த அளவை எட்டுவதற்கே இரவு ஒன்பது மணிக்குள் உறங்கியாக வேண்டும். உறக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து அமர்வார். குழந்தையோ பெரும்பாலும் அடம்பிடிக்கும், ஓடியாடும், பாடத்தில் கவனம் சிதறும். அதைக் குறும்பு என்று கண்டித்துவிடுகிறோம்.

வரிசையே மருந்து

ஜோடி மிண்டல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் தாய்மார் 405 பேர் பங்கேற்றனர். குளியல், உடலை மென்மையாகத் தடவிவிடுதல், பின்னர் தாலாட்டுப் போன்ற அமைதியான செயல், அதன்பின் விளக்கணைப்பு என்ற வரிசையை இரண்டு வாரங்கள் பின்பற்றிய குழந்தைகள் விரைவில் உறங்கினர். இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் மேம்பட்டது.

காரணம் எளிது. வெதுவெதுப்பான நீரில் குளித்ததும் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி, உடலின் உள்வெப்பம் மெல்லத் தணிகிறது. அது உறக்கத்தை வரவழைக்கும். வெளிச்சம் குறைந்தால் மூளையில் மெலடோனின் சுரக்கிறது. கைப்பேசியின் ஒளி அச்சுரப்பைத் தடுக்கிறது. குழந்தையின் கண் பெரியவர் கண்ணைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதால் பாதிப்பும் அதிகம். ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள்.

ஒற்றை அறை வீட்டிலும் இது இயலும். உணவு, கைகால் கழுவுதல் அல்லது குளியல், பல் துலக்குதல், கொசுவலைக்குள் ஒரு கதை அல்லது தாலாட்டு, விளக்கணைப்பு. முப்பது, நாற்பது நிமிடங்கள் போதும். பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் பல் துலக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். கதை பூச்சாண்டிக் கதையாக இருக்க வேண்டாம். அச்சம் குழந்தையை விழிக்க வைக்கும். அப்பாவின் குரலை அவரது பணி இடைவேளையில், இந்த வரிசை தொடங்கும் முன்பே கேட்கச் செய்யலாம். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது அவர் பங்காகட்டும்.

எங்கும் எடுத்துச் செல்லலாம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கியபின் இவ்வட்டாரத்து வீடுகள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. கதைக்கும் தாலாட்டுக்கும் மின்சாரம் தேவையில்லை. இடம் மாறினாலும் வரிசை மாறாதிருந்தால் குழந்தை பாதுகாப்பை உணரும். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு இது மேலும் பொருந்தும். வீட்டுப் போர்வையைக் கொண்டுவாருங்கள்; குளிக்க இயலாவிடில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் முகமும் கைகால்களும் துடைத்துவிடுங்கள்; வழக்கமான கதையையே சொல்லுங்கள். இரவு மருந்து நேரத்தைச் செவிலியரிடம் கேட்டறிந்து, அதற்கேற்பத் தொடங்குங்கள்.

மருத்துவரைக் காண வேண்டிய நிலை

பெரும்பாலான இரவுகளில் குறட்டை, வாயால் மூச்சு விடுதல், உறக்கத்தில் மூச்சு நின்று திணறுதல் ஆகியவை மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியைக் குறிக்கலாம். ஓயாத கால் அசைவுக்கு இரும்புச்சத்துக் குறைவும், இரவில் ஆசனவாய் அரிப்புக்குக் கீரிப்பூச்சியும் காரணமாகலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தூங்க வைப்பதற்காக இருமல் மருந்தை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். அது மூச்சைப் பாதிக்கக்கூடும்.

முதல் சில இரவுகளில் பிள்ளை மறுக்கும்; அழவும் செய்யும். வரிசையை மாற்றாமல் இரண்டு வாரங்கள் தொடருங்கள். அதன் பிறகும் மாற்றம் இல்லையெனில், படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதைக் கொண்டே முடிவு செய்வோம்.