புது வாகனத்தின் அடியில் கறள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் பழைய லொறிகளையும் பட்டா வாகனங்களையும் ஒட்டுப்போட்டு ஓட்டிய கமக்காரர் அமைப்புகள் சில, புதிய பிக்கப் ஒன்றை லீசிங்கில் எடுப்பது பற்றி இப்போது பேசுகின்றன. ஒருசில எடுத்தும் விட்டன. எடுத்தவர்கள் எம்மிடம் கொண்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: "சுவாமி, வாகனம் புத்தம் புதுசு. கீழே குனிஞ்சு பார்த்தால் கறள். எங்களை ஏமாத்திப் போட்டாங்களோ?"

இதைச் சிறிய கேள்வியாக நாம் எடுக்கவில்லை. பல தடவை இடம்பெயர்ந்து, மீண்டும் காணி துப்புரவாக்கி, இரண்டு மூன்று போகத்தில் மிஞ்சியதை ஒன்றுசேர்த்து முற்பணம் கட்டியவர்கள் கேட்கும் கேள்வி இது. தவணைப் பணம் நான்கு ஐந்து வருடங்களுக்கு ஓடும். தவணை முடிந்த பின்பும் வாகனம் உழைத்தால்தான் அமைப்புக்கு இலாபம். தவணை முடிய முன்னரே செசி உக்கிப்போனால், இரும்புக் கடைக்குப் போகும் பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டியவர்களாவோம். 2009 இல் முள்ளிவாய்க்கால் கரையில் விட்டுவந்த உழவு இயந்திரங்களும் லொறிகளும் சைக்கிள்களும் உப்புக்காற்றில் என்னவாகின என்பதை எமது மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் கண்ட கறளெல்லாம் ஏமாற்று அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாகனத்தின் அடியில் உள்ள எல்லாப் பாகங்களுக்கும் தொழிற்சாலையில் நல்ல பூச்சுப் பூசப்படுவதில்லை. வார்ப்பிரும்பால் ஆன தடித்த பாகங்கள், சக்கரக் குடங்கள், போல்ட் தலைகள், சைலன்சர் குழாயின் ஒட்டுகள் ஆகியன பெரும்பாலும் வெறுமையாக அல்லது மெல்லிய பூச்சோடுதான் வருகின்றன. பிரேக் டிஸ்க்கின் உராயும் முகத்தில் பூச்சு நிலைக்காது. மாலையில் கழுவிவிட்டால் காலையில் அது செம்மஞ்சளாக நிற்கும். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். இந்த வாகனங்கள் கடல் வழியாக வருகின்றன. கப்பலிலும், பின்னர் துறைமுக வெளியிலும், விற்பனையாளரின் முற்றத்திலும் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நிற்கின்றன. இத்தகைய இடங்களில் செந்தூள் படிவது இயல்பு. தடித்த இரும்பின் மேற்தோலில் வரும் கறள் மிக மெதுவாகவே உள்ளே போகும். அதற்காக எவரும் நித்திரை கெட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய கறள் வேறிடத்தில் இருக்கிறது. பிக்கப் வாகனத்தின் முதுகெலும்பு செசிதான். முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். இடையிடையே குறுக்குச் சட்டங்கள். ஏணி ஒன்றைப் படுக்க வைத்தாற்போல் இருக்கும். இந்தச் சட்டங்கள் பல வாகனங்களில் பெட்டி வடிவில், உள்ளே வெறுமையாகச் செய்யப்படுகின்றன. வெளிப்புறத்தை நாம் கழுவலாம், பார்க்கலாம், பூசலாம். உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போகும் சேறு அங்கேயே தங்கும். நீர் வடிவதற்கென விடப்பட்ட சிறு துளைகளைச் சேறு அடைத்துவிட்டால், சட்டம் மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். கறள் உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயின்ற் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி தின்னப்பட்டிருக்கும்.

மீள்குடியேற்றத்தின்போது கிடைத்த கூரைத் தகரங்களை நினைத்துப் பாருங்கள். தகரத்தின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை அது வெள்ளையாக நின்றது. கறள் முதலில் ஆணி அடித்த துளையிலும், தகரத்தின் மேல் தகரம் படிந்து ஈரம் காயாத விளிம்பிலும்தான் தொடங்கியது. செசியிலும் அப்படியே. ஒட்டுப்போட்ட மூட்டுகள், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள், பின்வில்லுகள் பூட்டப்பட்ட கொளுவிகள், பின்னச்சின் மேல் சட்டம் வளைந்து ஏறும் பகுதி ஆகியனவே முதலில் போகும். இரும்பு கறளாகும்போது அதன் பருமன் பல மடங்கு கூடுகிறது. அதனால் அது பொருக்காகத் தள்ளி எழும்பி, அடியில் புதிய இரும்பைத் திறந்து விடுகிறது. புண்ணின் பொருக்கு புண்ணை மூடிக் காக்கும். இந்தப் பொருக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் அரிக்கும்.

பெரிய கொம்பனியின் பெயரை நம்பி இருந்துவிடலாமா? அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டியுள்ளது. டொயோட்டா கொம்பனியின் டக்கோமா என்ற பிக்கப் அங்கே கமக்காரரும் கைவினைஞரும் விரும்பி வாங்கிய வாகனம். 1995 முதல் 2000 வரையான ஆண்டுகளின் டக்கோமாக்களில் சிலவற்றின் செசிகளுக்குக் கறள்தடுப்புப் பூச்சுப் போதியளவு போடப்படவில்லை. குளிர்நாட்டில் பனியைக் கரைக்க வீதியில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு நீர் அடியில் தெறித்துத் தெறித்து, சட்டங்களில் ஓட்டை விழுந்தது. எஞ்சின் நன்றாக ஓடும், மேற்புறம் மினுங்கும், கீழே முதுகெலும்பு இல்லை. 2008 இல் கொம்பனி இந்தக் கறளுக்கான உத்தரவாதத்தை 15 வருடங்களாக நீடித்தது. திருத்த முடியாதவற்றைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2009 இல், 2000 முதல் 2003 வரையான டன்ட்ரா பிக்கப்கள் சுமார் 1,10,000 திரும்ப அழைக்கப்பட்டன. பின்குறுக்குச் சட்டம் உக்கி, கீழே தொங்கும் உதிரிச் சக்கரம் ஓடும்போதே வீதியில் விழக்கூடும் என்பது காரணம். பிந்திய ஆண்டு வாகனங்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு 2016 இல் இணக்கத்துக்கு வந்தபோது, ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்களும் 340 கோடி டொலர் வரையான செலவும் பேசப்பட்டன. தவறை ஏற்றுக்கொள்ளாமலே கொம்பனி இணங்கியது.

இதில் நாம் கவனிப்பது ஒன்று. அந்த மக்கள் ஓட்டை விழுந்த பிறகு கேட்கவும், வழக்காடவும், பணம் பெறவும் வழி இருந்தது. எமது கமக்காரர் அமைப்பு ஒன்று அப்படி வழக்காடி வென்று தவணைப் பணத்தைத் திருப்பி எடுப்பது இலகுவானதல்ல. ஆகவே பார்க்க வேண்டியதைக் கையெழுத்துப் போட முன்னரே பார்க்க வேண்டும்.

எம் மண்ணின் உப்பு

எமது வீதிகளில் எவரும் உப்புத் தூவுவதில்லை, உண்மை. ஆனால் ஆனையிறவைக் கடந்து போகும் வாகனமும், மன்னார்த் தாம்போதியில் ஓடும் வாகனமும், முல்லைத்தீவுக் கரையோரம் நெல்லும் கருவாடும் ஏற்றும் வாகனமும் உப்பில்தான் ஓடுகின்றன. மீன்பெட்டியிலிருந்து வடியும் ஐஸ்தண்ணீர் உப்புத்தண்ணீர். இதைவிட மறைவான எதிரி ஒன்றும் உண்டு: பசளை. எம்.ஓ.பி. பசளை என்பது பொட்டாசியம் குளோரைட்டு. பெயரிலேயே குளோரைட்டு இருக்கிறது. இரும்புக்கு அது கறியுப்பைப் போன்றதே. பையொன்று கிழிந்து பெட்டியில் கொட்டுப்படும். கூட்டித் தள்ளிவிட்டோம் என்று நினைப்போம். மூலைகளில் நின்றது முதல் மழையில் கரைந்து, பெட்டியின் இடுக்கு வழியே நேரே செசியின் மேல் வடியும். யூரியாவும் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால், அது படிந்த இடம் இலேசில் காயாது. காலபோகத்தில் பசளை ஏற்றிய பெட்டிக்குள் ஒரு பழைய படங்கை விரித்துவிட்டு ஏற்றுவது எவ்வளவு சிறிய வேலை!

கழுவும் நீரையும் பார்க்க வேண்டும். கரையோரக் கிணறு பல உவர்க் கிணறுகள். உவர் நீரால் கழுவுவது உப்பை எடுப்பதல்ல, பூசுவது. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள இடத்தில் கழுவுங்கள். குளத்துக்குள் வாகனத்தை இறக்கிக் கழுவும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அந்த நீரைக் குடிக்கும் மாடுகளும் குளிக்கும் பிள்ளைகளும் உண்டு. வெங்காயத்துக்கு வைக்கும் தூவல் ஒன்றை நிலத்தில் வைத்து, அதன் மேல் வாகனத்தை நிறுத்தி, பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டால் ஆள் படுத்துக் கழுவ முடியாத இடமெல்லாம் கழுவுப்படும். பின்னர் வெயிலில் நிறுத்திக் காயவிட வேண்டும். நனைந்த வாகனத்தைக் காற்றுப் போகாத கொட்டிலுக்குள் விடுவது நல்லதல்ல.

அடுத்து பூச்சு. சேவிஸ் நிலையங்களில் வாகனத்தின் அடியில் கழிவு ஒயில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மலிவு என்பதைத் தவிர அதற்கு நாம் நல்ல வார்த்தை சொல்ல மாட்டோம். எரிந்த ஒயிலில் அமிலமும் உலோகத் துகளும் உண்டு. அது றப்பர்ப் பாகங்களை ஊதவைக்கும். மழையில் கழுவுண்டு நிலத்துக்குள் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்த பிரச்சினை 2014, 2015 இல் எழுந்தபோது பட்ட பாட்டை வலிகாமத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மற்றது, தடித்த கறுப்புத் தார்ப்பூச்சு. காய்ந்த, சுத்தமான, புதிய இரும்பில் அடித்தால் பயனுண்டு. கறளின் மேலோ ஈரத்தின் மேலோ அடித்தால் உள்ளே நடப்பதை மூடி மறைக்கத்தான் உதவும். புதிய வாகனத்தை வாங்க முன்னரே அடியில் எவராவது புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தால், அதன் கீழே என்ன இருந்தது என்று கேளுங்கள்.

நல்ல முறை இதுதான். சிவந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, நல்ல நீரால் கழுவி, நன்கு காயவிட்டு, ரெட் ஒக்சைட் அல்லது துத்தநாகம் கலந்த அடிப்பூச்சும் அதன்மேல் பெயின்றும் பூசுவது. சட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகு சேர்ந்த கறள்தடுப்புத் திரவத்தை, ஏற்கெனவே உள்ள துளைகள் வழியே நீண்ட குழாயால் அடிப்பது. பிரேக் டிஸ்க், றப்பர்க் குழாய், சைலன்சர் ஆகியவற்றில் அது படக்கூடாது. புதிய துளை போட வேண்டாம், உத்தரவாதம் போய்விடும். உத்தரவாதப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். செசி அதில் அடங்குமா, அல்லது மேற்கூட்டின் தகட்டில் ஓட்டை விழுந்தால் மட்டுமா என்று கேளுங்கள். பொறுப்பேற்கும் நாளில் வெயிலில் நிறுத்தி, அடியில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். கறள் கண்ட இடத்தைப் படம் எடுத்து, விற்பவரின் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காதவர் எம்மில் யார்?

யார் கழுவுவது?

தனியாள் வாகனம் ஏதோ கழுவுப்படும். அமைப்பின் வாகனத்தை எவரும் கழுவுவதில்லை. சாரதி தன் வேலை ஓட்டுவது என்பார். ஏற்றியவர் கூலி கொடுத்தேன் என்பார். தலைவர் கூட்டத்தில் பேசுவார். கணக்குப் புத்தகத்தில் டீசல் இருக்கும், ரயர் இருக்கும். கறளுக்கு வரி இராது, செசி உடையும் நாள் வரை. பசளை, மீன், உப்பு ஏற்றிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கழுவுகூலி என்று ஒரு சிறு தொகையை வாடகையிலேயே சேர்த்து, கழுவியவர் கையெழுத்து வைத்த பிறகே பொருளாளர் அதைக் கொடுக்க வேண்டும் என்பது எமது யோசனை. பொருளாளர் பெண்ணாக உள்ள அமைப்புகளில் இது நடக்கும் என்று துணிந்து சொல்லலாம். அடுப்படியில் இருப்புச்சட்டியைக் கறள் பிடிக்க விடாமல் எண்ணெய் தடவி வைப்பவர்கள் அவர்கள்தானே.

காலபோக மழை ஐப்பசியில் தொடங்கும். புரட்டாதி முடிவதற்குள் வாகனத்தை ஒருமுறை உயர்த்திப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் சட்டத்தை நீளவாக்கில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். தின்னப்பட்ட இடம் மந்தமாகக் கேட்கும், பொருக்கும் உதிரும். பிரேக் குழாய்களில் விரல் ஓட்டிப் பாருங்கள். அங்கே சொரசொரப்பு இருந்தால் அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும், அதில் தாமதம் கூடாது. நீர் வடியும் துளைகள் சட்டத்தின் அடிப்பக்கத்தில், பெருவிரல் நுழையும் அளவில் இருக்கும். அவற்றில் இறுகிய சேற்றைக் குத்தி எடுக்கப் பழைய சைக்கிள் கம்பி ஒன்று போதும்.