ஏழைக்கும் ஒரு வீடு: திருவனந்தபுரம் கண்ட வழிகள்

எங்கள் தெரு முனையில் துணி தேய்க்கும் அன்பர் தென்காசிப் பக்கத்துக்காரர். இருபது ஆண்டுகளாக இங்கே வாடகை வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் என்னிடம், "சார், எங்களுக்கெல்லாம் அரசாங்க வீடு கிடைக்காதா?" என்று கேட்டார். ரயில்வேயில் கட்டுமானப் பிரிவில் காலம் கழித்தவன் நான். இருந்தும் உடனே பதில் சொல்ல வரவில்லை. விசாரித்ததை நம் சங்க அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

கேரளத்தில் இந்த முயற்சி பழையது. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது, வீட்டுவசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் 1972-ல் 'லட்சம் வீடு' திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் சுமார் 100 வீடுகள், நிலமற்ற தொழிலாளருக்கு. செலவைக் குறைக்க நடுச்சுவர் ஒன்றை வைத்து இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பின்னாளில் ஒருவர் தன் பாதியை இடித்துக் கட்ட நினைத்தால் பக்கத்துப் பாதியும் ஆட்டம் கண்டது. பொதுச்சுவர் வைக்கும்போது நாற்பது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து வருகிறவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். காந்தியடிகளைச் சந்தித்தபின் இந்தியாவிலேயே தங்கி, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் இங்கேயே காலமானார். உள்ளூரில் உள்ளூர்ப் பொருளால் யாருக்கும் கட்டுப்படியாகும் வீடு என்று பேசியதோடு நிற்காமல், அதைக் கட்டியும் காட்டினார். பூந்துறை மீனவர் வீடுகளும் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையமும் அவர் கைவண்ணம். ('உள்ளூர்' என்பது இங்கே ஓர் இடத்தின் பெயர், குழம்ப வேண்டாம்.)

அவருடைய 'எலிப்பொறிக் கட்டு' எளிய கணக்கு. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவது. நடுவே 3 அங்குல வெற்றிடம் விழும். சுவர் 9 அங்குலமே இருக்கும். செங்கல் கால்பங்கு மிச்சம். அந்தக் காற்றறை வெயிலையும் தடுக்கும். மேல்தளத்திலும் இதே புத்திதான். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்குவது கம்பி. ஆகவே தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமெண்டும் பாரமும் குறையும். நான் வீடு கட்டியபோது இதைச் சொன்னேன். மேஸ்திரி, "சார், நாளைக்கு இடிந்தால் என்னைச் சொல்லக்கூடாது" என்றார். 25 வருஷமாக அந்தத் தளத்துக்குக் கீழேதான் தூங்குகிறேன்.

1985-ல் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், பேக்கர், டி.ஆர். சந்திரதத் ஆகியோர் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்ட்' என்ற அமைப்பை நிறுவினார்கள். லாபநோக்கு இல்லாதது. நகரத்துக்கு இது எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அட்டக்குளங்கரை அருகே உள்ள கரிமடம் காலனி சாட்சி. மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டப் பணம் 2005-க்குப் பிறகு வந்தது. மாநில அளவில் பொறுப்பேற்றது குடும்பஸ்ரீ, இடத்தில் மாநகராட்சி, கட்டியது காஸ்ட்ஃபோர்ட். குடியிருப்போரைத் தூரத்துக்கு அனுப்பாமல், அவர்களோடு பேசி அதே இடத்தில் அடுக்கு வீடுகள் எழுந்தன. சாலைச் சந்தையில் பிழைப்பவனை ஊருக்கு வெளியே குடிவைத்தால் பஸ் கட்டணமே கூலியைத் தின்றுவிடும் அல்லவா!

கடலோரத்தில் கதை வேறு. கடலரிப்பில் வீடிழந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த மீனவர்களுக்காக, 2018-ல் முட்டத்தறையில் 192 அடுக்கு வீடுகள் திறக்கப்பட்டன.

2016-ல் 'லைஃப்' திட்டம் வந்தது. வீடு கட்டப் பொதுவாக 4 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் நிலமில்லாதவன் எங்கே கட்டுவது? நகரத்தில் ஒரு சென்ட் விலை நமக்குத் தெரியும். 2021 டிசம்பரில் 'மனசோடித்திரி மண்ணு' என்று ஓர் இயக்கம் தொடங்கி, வசதியுள்ளவர்களிடம் நிலம் தானமாகக் கேட்டார்கள். கொடுத்தவர்களும் உண்டு.

நம்மவர்கள் தடுக்கி விழுவது இதற்கும் முந்திய படியில். 'லைஃப்' பட்டியலில் ஒரு ரேஷன் கார்டு என்றால் ஒரு குடும்பம் என்று கணக்கு. நம் நண்பருக்குக் கார்டு தென்காசியில் இருக்கிறது. அதில்தான் அவருடைய தாயார் அரிசி வாங்குகிறார். முழுக் கார்டையும் விட வேண்டியதில்லை. தன் பெயர், மனைவி, பிள்ளைகள் பெயர்களை மட்டும் அங்கே நீக்கி, அந்தச் சான்றைக் கொண்டு இங்கே புதிய கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். தாயாருக்குக் கார்டு அப்படியே இருக்கும். பட்டியலுக்கு எப்போதும் விண்ணப்பம் வாங்குவதில்லை. 2020-ல் கேட்டபோது இவரிடம் இங்கத்துக் கார்டு இல்லை. அடுத்து கேட்கும்போதாவது கையில் இருக்க வேண்டும். இதற்கிடையில் அவர் மனைவி குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் சேர்ந்தால், எந்தப் பட்டியல் எப்போது வருகிறது என்று வீட்டுக்கே செய்தி வந்துவிடும்.

சொன்னேன். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் சார்" என்றார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்.