உங்கள் பெயரைத் தேடிப் பார்த்தீர்களா?

தோட்டத்துப் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று ஒரு காலத்தில் கங்காணியையும் கிராணியையும் கேட்டார்கள். இன்று கூகளைக் கேட்கிறார்கள்.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை என்பது பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப் பட்டாணிப் பிள்ளைகள் பலரின் கனவு. “மனு போட்டேன்க்கா, பதிலே வரல” என்று என் வானொலி நேயர்கள் குரல் பதிவு அனுப்புவார்கள். “உங்க பேரைத் தேடிப் பார்த்தீங்களா தம்பி?” என்பேன்.

நம் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் அப்பா பெயரோடு முழுப்பெயர், முகநூலில் பட்டப்பெயர், லிங்க்ட்இன்னில் வேறு எழுத்துக்கூட்டல். விக்னேஸ்வரனை ரோமன் எழுத்தில் பல விதமாக எழுதலாமே! தேடுபவருக்கு உங்களுக்குப் பதில், அதே பெயருள்ள வேறொருவரின் சண்டைக் காணொளி கிடைத்தால்?

எனவே அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் வையுங்கள். தற்குறிப்பு, லிங்க்ட்இன், சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் மூன்றிலும் தேதிகள் ஒத்துப்போகட்டும். முகநூலின் பழைய பொதுப் பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி அமைப்புப் பகுதியில் ஒரே முறையில் மாற்றலாம். பழைய முதலாளியைத் திட்டியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

மறைத்தால் மட்டும் போதாது. கூலிம் பாலிடெக்னிக்கில் படித்தவரா? இறுதித் தவணையில் செய்த திட்டத்தைப் படத்தோடு நாலு வரி எழுதிப் போடுங்கள். கோயில் திருவிழாவில் கணக்குப் பார்த்ததும் தகுதிதான்.

கம்பெனிக்குள் மாமா, சித்தப்பா இல்லாத பிள்ளைக்குச் சிபாரிசு அந்தப் பக்கம்தான்.