லஞ்சம் கேட்டால் புகார் கொடுக்க பயமா? பவுடர் தடவிய நோட்டு 'பிங்க்' ஆவது இப்படித்தான்!

திருவண்ணாமலை:

பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கியவர் கையும் களவுமாக சிக்கினார் என்ற செய்தி செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி என ஏதாவது ஓர் ஊர் பெயரோடு அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் புகார் கொடுக்க பலர் தயங்குகிறார்கள். "கம்ப்ளைன்ட் கொடுத்தா நம்மளையும் சேர்த்து உள்ளே வச்சிடுவாங்களோ?" என்ற பயம்தான் காரணம்.

இந்த பயம் பாதி நிஜம். 2018ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்பு சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். 7 ஆண்டு வரை ஜெயில். ஆனால் முன்கூட்டியே லஞ்ச ஒழிப்பு போலீசில் சொல்லிவிட்டு கொடுத்தால் குற்றம் இல்லை. வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டவரும் 7 நாளுக்குள் சொல்லிவிட்டால் தப்பலாம். வாங்கியவருக்கோ குறைந்தது 3 ஆண்டு நிச்சயம்.

பவுடர் ரகசியம்

எழுத்து மூலம் புகார் வந்ததும் போலீசார் வழக்கு பதிவு செய்து பொறி வைக்கிறார்கள். ரூபாய் நோட்டு நம்பர்களை குறித்துக்கொண்டு, அதில் பினாப்தலின் பவுடரை லேசாக தடவுவார்கள். கண்ணுக்கு தெரியாது. வேறு துறை அரசு ஊழியர்கள் 2 பேர் சாட்சியாக இருப்பார்கள். புகார்தாரருக்கு முக்கியமாக சொல்லப்படுவது, "அவரா கேட்டால்தான் கொடுக்கணும், நீங்களா நீட்டக்கூடாது. கை குலுக்கவும் வேண்டாம்" என்பதுதான்.

பணம் கைமாறியதும் சிக்னல். மறைந்திருக்கும் போலீசார் பாய்ந்து வந்து, வாங்கியவரின் கையை சோடியம் கார்பனேட் கலந்த தண்ணீரில் முக்குவார்கள். தண்ணீர் பிங்க் கலராக மாறும். சட்டைப் பையில் வைத்திருந்தால் சட்டையும் சேர்ந்து முங்கும்! அந்த தண்ணீரை பாட்டிலில் சீல் வைத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

தாலுகா ஆபீசோடு இது நிற்பதில்லை. 2023 டிசம்பரில் திண்டுக்கல்லில் மத்திய அமலாக்கத்துறை அதிகாரி ஒருவரையே, டாக்டரிடம் ரூ.20 லட்சம் வாங்கியதாக தமிழக லஞ்ச ஒழிப்பு போலீசார் கைது செய்தனர்.

கோர்ட்டில் என்ன?

பிங்க் கலர் மட்டும் கோர்ட்டுக்கு போதாது. "கடனை திருப்பி கொடுத்தார்", "மேஜையில வச்சிட்டு போயிட்டார்" என்பார்கள். லஞ்சம் கேட்டதையும் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் புகார்தாரரை சரிக்கட்டி பல்டி அடிக்க வைக்க முயற்சி நடக்கும். இதற்கும் 2022 டிசம்பர் 15ல் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அமர்வு செக் வைத்துவிட்டது. புகார்தாரர் இறந்தாலும், பல்டி அடித்தாலும், மற்ற சாட்சிகளும் சூழ்நிலை ஆதாரங்களும் பலமாக இருந்தால் தண்டிக்கலாம் என்று அந்த அமர்வு தீர்ப்பளித்துள்ளது.