கக்குகிற குழந்தைக்கு ராகிப்பால் கொடுக்கலாமா?

குப்பத்தை அடுத்த சாந்திபுரம் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. மூன்று மொழிக்காரருக்கும் பொதுவான தானியம் கேழ்வரகு. பெரியவர்களுக்குக் களி, குழந்தைகளுக்கு, ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிய ராகிப்பால். மூன்று மாதக் குழந்தை குடித்த பாலைக் கக்கிவிட்டால் போதும், "தாய்ப்பால் தண்ணியா இருக்கு, ராகிப்பால் காய்ச்சிக் கொடு, கனமா வயித்துல நிக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்த யோசனையில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு சுருக்குத் தசை உண்டு. பச்சைக் குழந்தைக்கு அது அடிக்கடி தளர்ந்து திறந்துகொள்ளும். உணவோ முழுக்க நீர். குழந்தையோ பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. பால் மேலே வராமல் என்ன செய்யும்? நான்காவது மாதத்தையொட்டி மிகுதியாக இருக்கும் இது, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே அடங்கிவிடும். "கக்கின பிள்ளை தக்கும்" என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. ஆனால் எடை ஏறுகிற பிள்ளைக்குத்தான் அந்தப் பழமொழி பொருந்தும். பிறந்த எடை ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் இரட்டிக்க வேண்டும். நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகவேண்டும்.

கெட்டியான பால் எளிதில் மேலேறாது என்பது உண்மையே. 637 குழந்தைகள் பங்கேற்ற எட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, பாலைக் கெட்டியாக்கிக் கொடுத்தபோது கக்குவது நாளைக்கு ஏறத்தாழ இரண்டு முறை குறைந்தது. ஆனால் இது புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளைப் பற்றிய முடிவு. அவர்களுக்கும் அரிசி மாவையோ, கரோப் விதைப் பசையையோ மருத்துவர் சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும். சாந்தன் பசை சேர்த்த ஒரு பொருளைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2011-ல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை எச்சரித்தது. கடுமையான குடல் நோய் வந்ததே காரணம்.

தாய்ப்பாலின் கதை வேறு. அதிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடுவதால், கலந்த மாவு சற்று நேரத்தில் நீர்த்துப்போகும். தனியாக ராகிப்பால் ஊட்டினாலோ, அந்த அளவுக்குத் தாய்ப்பால் குறையும். தண்ணீர், பாத்திரம் வழியாகப் பேதியும் வரலாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது இதனால்தான். ஏழாம் மாதத்தில் அதே ராகி அருமையான உணவு; அதுவரை பாட்டி பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் செய்யவேண்டியவை சுலபமானவை. குழந்தை மார்பை நன்றாகக் கவ்வுகிறதா என்று பாருங்கள். சங்கிலோ பாலாடையிலோ கொடுப்பதானால் மடமடவென்று ஊற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடச்செய்து, இருபது முப்பது நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கக்குகிற குழந்தையையும் மல்லாக்கத்தான் தூங்கவைக்க வேண்டும், குப்புறப் போடக்கூடாது.

மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் பீறிட்டு வாந்தியெடுத்தால், இரைப்பையின் வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். அதற்குச் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படும். வாந்தியில் ரத்தம், எடை ஏறாமை, மூச்சுத் திணறல், சோர்ந்து கிடப்பது ஆகியவற்றுக்கும் மருத்துவரிடமே போகவேண்டும். வாந்தி பச்சை நிறமாக வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்; குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த இரவே குப்பத்திலோ வேலூரிலோ, எட்டக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.